இணைக்க வேண்டிய ஆதாரம்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் சனிக்கிழமைகளில் கார் நிறுத்த இடம் கிடைப்பது அரிது. கிடைத்துவிட்டால் மனிதர் சற்று அவசரப்பட்டுவிடுவர். அன்று எங்களிடமிருந்த குற்றம் அவ்வளவே.

இவ்வாக்குமூலத்தை நானே எழுதித் தர அனுமதிக்குமாறு கேட்டுக்கொண்டேன். மொழிபெயர்க்க வந்த றொஷானி என்னும் பெண் கெட்டிக்காரி. ஆயினும் கண்ணைத் துடைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பவரால் ஒரு வாக்கியத்தையும் ஒழுங்காக முடிக்க இயலாது. அவர்மீது எனக்குக் குறையில்லை. அவர் ஆறியிருந்து இதனை வாசித்து, பொலிஸ் உத்தியோகத்தராகிய உங்களுக்கு ஆங்கிலத்திற் சொல்லட்டும்.

என் பெயர் சச்சிதானந்தன். ஓய்வுபெற்ற ஆசிரியன். ரெய்னர்ஸ் லேனில் என் மனைவி நகுலேஸ்வரியுடன் வாழ்ந்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளுக்கு நெடுங்காலமாக நீரிழிவு. காலை இன்சுலின் ஊசியை நானே போடுவேன். உணவையும் நானே அளந்து வைப்பேன். இத்தனை ஆண்டுகளில் அவள் ஒருமுறையேனும் இரத்தத்தில் சீனி குறைந்து மயங்கியதில்லை. வைத்தியரே என்னைப் பாராட்டியிருக்கிறார்.

செப்டெம்பரில் அவளுடைய சங்கிலியைத் திருத்துவதற்காக ஈஸ்ட் ஹாம் நகைக்கடைக்குப் போனோம். அந்தத் தெருவில் தொலைபேசியிலே பணம் கட்ட வேண்டும். பதிவுசெய்த குரல் காரின் இலக்கத்தை வாசிக்கும். சரியாயின் ஒன்றை அழுத்த வேண்டும். நான் காரை விளிம்போடு ஒட்டி நிறுத்திக்கொண்டிருந்தேன். தொலைபேசி நகுலேஸ்வரியின் கையில் இருந்தது. கணக்கில் மாற்றாமல் விட்டிருந்த எங்கள் பழைய காரின் இலக்கத்தைக் குரல் வாசித்தது. அவள் ஒன்றை அழுத்தினாள்.

பழைய காரை முந்திய ஆண்டே துஷாந்தன் என்பவருக்கு விற்றிருந்தோம். அது அந்நேரம் சட்டன் பகுதியில் அவருடைய வீட்டு வாசலில் நின்றது. நாங்கள் திரும்பி வந்தபோது எங்கள் கண்ணாடியில் தண்டச்சீட்டு ஒட்டப்பட்டிருந்தது.

"என்ர பிழைதானே. கட்டிப்போட்டு விடுங்கோ" என்றாள் அவள்.

"கட்டின காசைத் திரும்பவும் கட்டச் சொல்லுறீரோ?"

"மனநிம்மதிக்குக் கட்டுவம் எண்டுறன்."

நான் மேன்முறையீடு செய்தேன். நடந்ததை நடந்தபடியே எழுதினேன். வேறொரு வாகனத்துக்குச் செலுத்திய பணம் இவ்வாகனத்துக்குச் செல்லாது; இலக்கத்தைச் சரிபார்ப்பது சாரதியின் பொறுப்பு என உள்ளூராட்சிக் கவுன்சில் பதில் அனுப்பியது. உண்மைக்கு அவர்கள் கொடுத்த மதிப்பு அது.

துஷாந்தனைத் தொலைபேசியில் அழைத்து, கார் இப்போது அவருடையதென ஓர் உறுதிக் கடிதம் கேட்டேன். அவர் வெகுநேரம் சிரித்தார்.

"மாஸ்டர், என்ர காருக்குப் பார்க்கிங் காசு கட்டினதுக்குப் பெரிய உபகாரம். அடுத்தமுறை பெற்றோலும் அடிச்சு விடுங்கோ."

கடிதத்தை மறுபடியும் கேட்டேன்.

"கோவியாதேங்கோ. உண்மையை எழுதினா இவங்கள் விடமாட்டாங்கள். மனிசிக்குச் சுகமில்லாமல் வந்திட்டுது எண்டு எழுதுங்கோ. எல்லாரும் அப்பிடித்தான் எழுதுறவை. அவங்களும் அதைத்தான் எதிர்பாக்கிறாங்கள்."

சுகவீனமென்று பொய்க்கடிதம் கொண்டுவந்த மாணவர்களை வகுப்புக்கு வெளியே நிறுத்தியவன் நான். எனினும் அன்றிரவு கவுன்சிலுக்கு மறுபடியும் எழுதினேன்: என் மனைவி நீரிழிவினால் அடிக்கடி மயங்குபவள். பணம் கட்டும் வேளையில் மயக்கம் வந்தது. அந்தக் கலக்கத்தில் இலக்கத்தைக் கவனிக்கவில்லை. கீழே, மேற்கூறியன யாவும் உண்மை என்ற வரிக்கு நேரே கையொப்பமிட்டேன்.

அவளுக்கு இதை நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

கவுன்சிலின் பதில் மரியாதையாக இருந்தது. என் மனைவிக்கு இவ்வாறான மயக்கம் வருவதை உறுதிப்படுத்தும் மருத்துவமனைக் கடிதத்தை இருபத்தெட்டு நாளுக்குள் இணைத்து அனுப்பினால் தண்டத்தைக் கைவிட ஆலோசிப்பார்கள்.

அப்படியொரு கடிதம் உலகத்தில் இல்லை. என் கவனமே எனக்கு எதிர்ச்சாட்சியாக நின்றது.

அப்போதே பணத்தைக் கட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. பணம் எனக்கு ஒரு பொருட்டன்று. ஆனால் ஆதாரம் கேட்டவுடன் பணத்தைக் கட்டினால், நான் எழுதியது பொய்யென்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகும். எங்கோ ஓர் அலுமாரியில், பொய்யெழுதியவன் என்ற பெயருடன் என் கையொப்பம் கிடக்கும். எழுதியதை அழிக்க வழியில்லை. அதை மெய்யாக்க வழியிருந்தது.

அவ்வாண்டு தீபாவளி நாங்கள் கொண்டாடவில்லை, யார்தான் கொண்டாடினார்கள்? நகுலேஸ்வரியின் தம்பி வன்னியில் இருந்தவர். மே மாதத்தில் யுத்தம் முடிந்த பின் அவரைப்பற்றி ஒரு செய்தியும் இல்லை. அவருக்காகக் கந்தசஷ்டி விரதம் இருக்க வேண்டுமென்று அவள் கோடைகாலம் முழுவதும் என்னைக் கெஞ்சியிருந்தாள். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர் உண்ணாதிருக்கக் கூடாதென்று வைத்தியர் கண்டிப்பாகக் கூறியிருந்ததால் நான் மறுத்துவந்தேன்.

தீபாவளிக்கு மறுநாள், "இஞ்சேரும், இம்முறை நீர் சஷ்டி பிடியும்" என்றேன்.

அவள் நம்பவில்லை. அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"மெய்யாத்தானோ? நீங்கள் வேண்டாம் எண்டெல்லே நிண்டனீங்கள்."

"ஆறு நாள்தானே. இரவிலை பாலும் பழமும் எடும். பகலிலை ஒண்டும் வேண்டாம்."

"அப்ப ஊசி?"

"அதை நான் பாத்துக்கொள்ளுறன்."

இந்த விடையை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஊசியைக் குறைப்பேனென்று நான் அவளுக்குச் சொல்லவில்லை. அவள் அப்படி விளங்கிக்கொண்டாள்.

அவளை அவ்வளவு மகிழ்ச்சியாக நான் நெடுநாளாகக் கண்டதில்லை. முதல்நாள் விடிய முன்பே முழுகி, தம்பியின் படத்துக்கு முன்னால் விளக்கேற்றினாள். மருந்தின் அளவு அன்றும் வழக்கமான அளவுதான். அன்று அவளுக்குச் சற்றே தலை சுற்றியது. இரண்டாம் நாள் கை நடுங்கியது. "விரதமெண்டால் அப்பிடித்தானே" என்று தன்னையே பகிடி பண்ணினாள்.

அன்றிரவு பால் குடிக்கும்போது, "தம்பி உயிரோடை கிடைக்கவேணும் எண்டு கேட்டிருக்கிறன். உங்கட அந்தப் பார்க்கிங் பைன் அலுவலும் ஒரு வழியாய் முடியவேணும் எண்டும் சேத்துக் கேட்டிருக்கிறன்" என்றாள்.

"முருகனுக்கு இதுதானே வேலை" என்றேன்.

"அவருக்கும் கவுன்சில் மாதிரி. எழுதிக்கொண்டே இருந்தால்தான் பதில் வரும்" என்று சொல்லிச் சிரித்தாள்.

மூன்றாம் நாள் முற்பகலில், கதிரையில் இருந்து கவசம் சொல்லிக்கொண்டிருந்தவளின் குரல் குழறியது. நெற்றி வியர்த்திருந்தது. என்னை வேறு யாரோ ஒருவரைப் பார்ப்பதுபோற் பார்த்தாள். சீனிப் போத்தல் சமையலறையில் இருந்தது. ஒரு கரண்டி சீனியைத் தண்ணீரிற் கரைத்துக் கொடுத்தால் அவள் சிறிது நேரத்தில் எழுந்துவிடுவாள். எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் வீட்டில் சீனித்தண்ணீரோடு தெளிந்த மயக்கத்துக்கு எவரும் கடிதம் தருவதில்லை.

அம்புலன்சை அழைக்கவே எண்ணியிருந்தேன். ஆனால் உடனே அழைத்தால் அவர்கள் வந்து, வீட்டிலேயே சீனி ஏற்றித் தெளியவைத்துவிட்டுப் போய்விடுவார்கள் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் நிலை வரவேண்டும். ஆகவே எதிர்க்கதிரையில் அமர்ந்திருந்தேன். பரீட்சை மண்டபங்களில் மேற்பார்வைக்கு இருந்து பழகியவன் நான். எதிரே ஒருவர் அல்லற்படுவதைப் பார்த்துக்கொண்டு பேசாமலிருப்பது எனக்குப் புதிதன்று. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். முதலில் விரலை அசைத்தாள். பின்னர் அசைக்கவில்லை. இடையில் கவுன்சிலுக்கான கடிதத்தை எழுதி, மருத்துவமனையின் பெயருக்கு மட்டும் இடம் விட்டுவைத்தேன். அவளுடைய மூச்சு மாறிய பின்பு தொலைபேசியை எடுத்தேன்.

நான் கணித்ததிற் பிழை நேர்ந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூளை அவ்வளவு நேரம் சீனியின்றி இருக்கக் கூடாதாம். ஓர் இளம் வைத்தியர் படம் வரைந்து விளக்கினார். அவள் மூச்சு விடுகிறாள். கண்ணும் சிலவேளைகளில் திறக்கிறது. ஆனால் இனி எழுந்து பேசமாட்டாள் என்றார்.

மருத்துவமனைக் கடிதத்தை அவரிடமே கேட்டு வாங்கினேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார்; ஆயினும் எழுதித் தந்தார். இருபத்தெட்டு நாள் முடிவதற்குள் அனுப்பிவிட்டேன். தண்டம் கைவிடப்பட்டதாகவும், என் மனைவி விரைவில் நலமடைய வாழ்த்துவதாகவும் கவுன்சில் எழுதியது. அதை அவளுடைய கட்டிலருகில் இருந்து வாசித்துக் காட்டினேன். அங்கிருந்த தாதி என்ன கடிதமென்று கேட்டார். சொன்னேன். விரத நாட்களில் ஊசி எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டார். அதையும் சொன்னேன். நான் எதையும் மறைப்பவனல்லன். அதனாலேதான் நீங்கள் என்னிடம் வந்திருக்கிறீர்கள்.

ஆகவே, நீங்கள் கேட்டதற்கு என் விடை இதுதான். உண்ணாதிருந்தவளுக்கு முழு அளவு ஊசியைத் தெரிந்தே போட்டேன். அவள் மயங்குவாள் என்று தெரிந்திருந்தேன். மயங்கிய பின்னும் தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். இவை யாவும் உண்மையென்று கையொப்பமிடுகிறேன்.

ஒரேயொரு வேண்டுகோள். என்னை அவளிடம் இன்னுமொரு முறை கூட்டிச் செல்லுங்கள். அந்தத் தொலைபேசியில் ஒன்றை அழுத்தியதற்காக அவள் மனத்துக்குள் வருந்திக்கொண்டேயிருந்தாள். நான் அவளை மன்னித்துவிட்டேன் என்பதைச் சொல்ல வேண்டும்.