மூணாவது ரிங்

நூர் நிஷா: அதெல்லாம் பேசியாச்சு. வெள்ளிக்கிழம நம்ம மக ஆஸியா புனே கெளம்புதா.

மன்சூர்: யாரக் கேட்டு? மாப்பிள்ள கூப்பிட்டாரா?

நூர் நிஷா: காலையில இருந்து இருவது வாட்டி வீடியோ கால் வருது...

மன்சூர்: கால் வருது. வான்னு சொன்னாரா? வேல மாத்திப் போன எடத்துல நல்ல வீடு கெடைக்கட்டும்னுதான சொல்லிருக்காரு?

நூர் நிஷா: நாலு மாசமா அதையேதான் சொல்லுதாரு. இவ இங்க நம்ம மூஞ்சியவே பாத்துக்கிட்டு கெடக்கா.

மன்சூர்: கூப்பிடாம போயி நின்னா மரியாதையா? அன்னைக்கு ஊர்ல இருந்து நீ எப்படி வந்த? நான் மூணு ரிங் குடுத்த பொறவுதான வந்த?

நூர் நிஷா: ஆரம்பிச்சிட்டியளா...

மன்சூர்: ஆமா! அப்பம் இந்த ஓசி வீடியோ உண்டா? எஸ்டிடி பூத்துல செவப்பு நம்பர் ஓட ஓட நெஞ்சு படபடங்கும். அதுக்குத்தான ரிங் கணக்கு வச்சோம்? ஞாயித்துக்கெழம ரெண்டு ரிங் அடிச்சி வச்சா நான் சொகம். மூணுன்னா...

நூர் நிஷா: ரூம் கெடச்சிட்டு, ரயிலேறு.

மன்சூர்: அங்க எடுக்காட்டா பைசா கெடையாது. பூத்துக்காரன் என்னப் பாத்தாலே மொறைப்பான்.

நூர் நிஷா: நான் மட்டும் என்ன? ஊர்ல ஹாஜியார் வீட்டு போன் பக்கத்துல உக்காந்து, யாரும் எடுத்துராதீங்கன்னு கெஞ்சிக்கிட்டு கெடப்பேன்... சரி, ஒண்ணு கேக்கேன். மூணு ரிங் குடுத்த ஆளு தாதர் ஸ்டேஷனுக்கு ஏன் வரல?

மன்சூர்: அது... எந்த வண்டியில வருவேன்னு தெரியல.

நூர் நிஷா: லெட்டர்ல இருந்த அட்ரஸக் காட்டி நானே தாராவி வந்து சேந்தேன். தோல் பட்டறையில சொலூஷன் பிரஷ்ஷும் கையுமா பேயறஞ்ச மாதிரி நின்னிய.

மன்சூர்: சந்தோசத்துல...

நூர் நிஷா: ரூம் எங்கன்னு கேட்டேன். தோல் மூட்டைக்கு மேல பாய் விரிச்சிய.

மன்சூர்: அரே, பதினஞ்சு நாள்ல ரூம் பாத்தேனா இல்லையா?

நூர் நிஷா: பாத்திய. ரூம் இல்லாம எதுக்கு மூணு ரிங்?

மன்சூர்: ஆஸியா பக்கத்து ரூம்லயா இருக்கா?

நூர் நிஷா: மச்சான்?

மன்சூர்: கதவச் சாத்து. ஆஸியாவுக்கு கேக்கும்.

நூர் நிஷா: சாத்தியாச்சு. சொல்லுங்க.

மன்சூர்: நான் ரெண்டுதான் குடுத்தேன் நிஷா. எப்பவும் போல ரெண்டு. அந்தக் காலத்து லைன்ல இங்க கேக்கிறது ஒண்ணு, அங்க அடிக்கிறது ஒண்ணு. அங்க ஒரு ரிங் கூடுதலா அடிச்சிருக்கு... நீ பெட்டியோட வந்து நிக்க. மச்சான் கூப்பிட்டாகன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வேற வந்திருக்க. கூப்பிடலன்னு சொன்னா உன் மூஞ்சி வாடிரும்லா... முழுங்கிட்டேன்.

நூர் நிஷா: முப்பது வருசமா?

மன்சூர்: பொறவு எப்பம் சொல்ல? நீ வந்ததுல எனக்கும் சந்தோசம்தான். வராட்டா நான் ரூம் பாத்திருக்கவே மாட்டேன்.

நூர் நிஷா: அப்பம் ஆஸியா போவட்டுமா?

மன்சூர்: போவட்டும், போவட்டும். உனக்குக் கோவமா, அதச் சொல்லு. நான் ரெண்டு குடுத்து, உனக்கு மூணு கேட்டு...

நூர் நிஷா: மூணு எங்க கேட்டுச்சு? எனக்கும் ரெண்டுதான் மச்சான் கேட்டுச்சு. ஒன்றரை வருசமா வாராவாரம் ரெண்டு, ரெண்டுன்னே கேட்டு வெறுத்துப் போயி... ஹாஜியார் வீட்ல மூணுன்னு சொல்லிட்டு ரயிலேறிட்டேன்.