நாலடி நிலம்

— காப்பி போடவா கண்ணுச்சாமி, இல்ல மொதலாளி சொல்லிவிட்டதச் சொல்லிட்டுக் கெளம்புறியா?

— காப்பியெல்லாம் வேண்டாம் மதினி. காலையில இருந்து சர்வேயர் பின்னாடி டேப்பப் புடிச்சுக்கிட்டு வெயில்ல அலைஞ்சதுல இடுப்பே விட்டுப்போச்சு.

— அளந்தாச்சுல்ல? பட்டாசுக் கம்பெனி வேலி எங்கன நிக்குதுன்னு தெரிஞ்சுச்சுல்ல?

— தெரிஞ்சுச்சு. ஒங்க எடத்துக்குள்ள நாலடி வந்துதான் நிக்குது. கல்லும் ஊணியாச்சு. நீங்க செயிச்சுட்டீக.

— ஆமா, பெரிய செயிப்பு! சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கு மனுவத் தூக்கிக்கிட்டு நடந்து நடந்து என் காலுதான் வீங்கிக் கெடக்கு. ஒங்க அண்ணன் வெடி விபத்துல போன பெறகு எனக்குன்னு இருக்கிறது இந்த வீடும் பின்னாடி இத்துணூண்டு எடமும்தான். அதுலயும் கம்பியக் கெட்டுனா நான் எங்கிட்டுப் போவேன்? நாளைக்கே புடுங்கச் சொல்லு.

— புடுங்குனா கம்பெனிய மூடணும் மதினி.

— மெரட்டுறியாக்கும்?

— அட, நீங்க வேற. வேலிக்கும் கடைசி ரூமுக்கும் நடுவுல இம்புட்டு தூரம் இருக்கணும்னு ரூல் இருக்கு. ரூமக் கெட்டும்போதே வேலி ஓரமாக் கெட்டிப்புட்டாக. இன்ஸ்பெக்சன்ல மாட்டக்கூடாதுன்னுதான் பலவேசம் மொதலாளி வேலியத் தள்ளுனாரு. லைசென்ஸ் போச்சுன்னா சீசன் நேரத்துல ஊருல பாதிப்பேரு வேலையில்லாம வீட்ல குத்தவைக்கணும்.

— அவரு ரூமத் தப்பாக் கெட்டுவாரு, அதுக்கு என் எடம் போகணுமோ? நல்லாருக்குப்பா ஒங்க நாயம்! ரூம இடிச்சுக் கெட்டச் சொல்லு.

— சொல்லாமயா இருப்பேன்? தீவாளி முடியட்டும்ங்காரு.

— எல்லாத் தீவாளிக்கும் இதே பேச்சுதான். எனக்குச் சண்ட போட்டுப் போட்டு அலுத்துப்போச்சு தம்பி. அப்பிடி என்னதான் நடக்குது அந்த ரூமுல?

— வெடிமருந்து அடைக்கிறாக. கொஞ்சப் பேருதான் உள்ள. அதுல... நம்ம எழிலும் இருக்கா.

— எந்த எழிலு?

— ஒங்க மகதான்.

— அவ பேக்கிங்லதான இருக்கா!

— ஒங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டா. கூலி கூடன்னு அவளாக் கேட்டுப் போனா மதினி. நான் போர்மேன்னு பேருதான், எம்புட்டோ சொல்லிப் பாத்தேன்.

— எப்ப இருந்து?

— ஆடியில இருந்து. நீங்க வேணா ஒருக்காச் சொல்லிப் பாருங்க.

— கேக்க மாட்டா. அவ அப்பன் வீம்பு அப்பிடியே அவகிட்ட இருக்கு. நான் அழுதாலும் கேக்க மாட்டா.

— மதினி, நான் என்ன சொல்லட்டும்? மொதலாளி போன் போட்டுக்கிட்டே இருக்காரு. வேலிய எடுக்கச் சொல்லவா, வேண்டாமா?

— எடுக்க வேண்டாம். என் அடுப்படிச் செவத்த ஒட்டித் தள்ளிப் போடச் சொல்லு. தீயின்னு ஒண்ணு வந்தா எம்மவ ஓடுறதுக்கு எடம் வேணும்ல.