மூன்றாம் மாடிக் கைப்பிடி

எனக்குக் காபி வேண்டாம் சார். இந்தக் கோப்பையின் நிறம் உங்கள் மேசையோடு ஒட்டவே இல்லை. தொழில் புத்தி, தப்பாக நினைக்காதீர்கள்.

நான் கலை இயக்குநர். சினிமாவுக்கு செட் போடுவேன், பதிப்பகத்துக்குப் புத்தக அட்டை செய்வேன். நீங்கள் விசாரிக்கிற, செத்துப்போன எழுத்தாளரின் நாவலுக்கும் அட்டை நான்தான். ஆளில்லாத பால்கனி, துருப்பிடித்த கைப்பிடி. பதினொரு நாள் வேலை. அவர் ஒரே பார்வையில் தீர்த்துக்கட்டினார்.

“என்ன தம்பி, கைப்பிடி தெர்மாகோல்ல செஞ்ச மாதிரி இருக்கு? பேசாம என் போட்டோவப் பெருசாப் போடுங்க.”

போட்டார்கள். அவர் மோவாய்க்குக் கீழே என் பால்கனி, தபால்தலை அளவுக்கு.

பிறகு அந்த நாவல் படமானது. அதற்கும் நானே. படப்பிடிப்பு நடந்த வீட்டின் மூன்றாம் மாடியில் நிஜமான இரும்புக் கைப்பிடி இருந்தது. கேமராவில் அது பொய்யாகத் தெரிந்தது. அறுத்து எடுத்துவிட்டு, தெர்மாகோலில் ஒன்று செய்து துரு பூசினேன்.

தச்சருக்கு உதறல். “அண்ணே, எவனாவது சாஞ்சான்னா நேரா மோட்சம்தான். ஒரு போர்டாவது வைங்கண்ணே.”

வைத்தேன். சிவப்புப் பலகை. ஆனால் படம் முழுக்கப் பழுப்பு. நடுவில் இது மட்டும் கண்ணைக் குத்தியது. பலகைக்கும் பழுப்பு அடித்தேன். எழுத்துக்கும்தான்.

மறுநாள் மதியம் எழுத்தாளர் வந்தார். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கைப்பிடியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“இது இரும்பு! நீ அட்டையில போட்டியே, அதுவும் ஒரு கைப்பிடியா? ஒரு போட்டோ எடு தம்பி, அடுத்த பதிப்புக்கு ஆகும்.”

கேமராவை எடுத்தேன். கைப்பிடிக்கு ஒரு சாண் முன்னால் விறைப்பாக நின்றார். படத்தில் உயிரே இல்லை.

“கொஞ்சம் பின்னாடி சாஞ்சுக்குங்க சார்.”

“தாங்குமாய்யா?” சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

“நீங்கதானே சார் இரும்புன்னு சொன்னீங்க?”

ஆமாம், தெரிந்துதான் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ‘கொலை’ என்பதை இவ்வளவு பெரிதாக எழுத வேண்டாம் சார்; பக்கத்தில் வேறெதுவும் கண்ணில் படவில்லை.

அவர் விழுந்த பிறகு இன்னொரு படம் எடுத்தேன். ஆளில்லாத பால்கனி, நான் முதலில் நினைத்தபடியே. பதிப்பகத்துக்கு அனுப்பியாயிற்று.

அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இத்தனை வருடத்தில் என் வேலையை முழு எடையோடு நம்பிய ஒரே ரசிகர் அவர்தான்.