பச்சை நூல் சுற்றிய சாவி

அவள்: காலை ஆட்டாதீங்கண்ணா. பெஞ்சே ஆடுது.

அவன்: மன்னிச்சுக்குங்க.

அவள்: பரவாயில்ல. ஆனா... மறுபடியும் ஆட்டுறீங்க.

கிளார்க்: டோக்கன் இருக்கிறவங்க மட்டும் ஜன்னல்கிட்ட வாங்க! சும்மா எட்டிப் பாக்காதீங்க!

அவள்: போலீஸ் மேல புகார் குடுக்கிற இடம் இதுதானே?

அவன்: இதுதான்.

அவள்: ஸ்டேஷன்லயே குடுத்தா ஆகாதா?

அவன்: குடுக்கலாம். அவங்க ஆள் மேல அவங்களே எங்க... மேலதிகாரிக்குத் தபால்ல அனுப்பலாம். இல்ல, இங்க.

அவள்: அந்தப் போலீஸ்காரர் பேரு தெரியணுமோ?

அவன்: வேணாம். இடம், நேரம், நடந்தது. போதும். குடுத்ததும் ரசீது கேட்டு வாங்கணும்.

அவள்: வார்த்தைக்கு வார்த்தை வரி கட்டுறீங்களாண்ணா? இவ்வளவு சிக்கனம்!

அவன்: என் காலைச் சொல்லிட்டு நீங்க மட்டும்? வந்ததிலிருந்து ஒரு கையை இறுக்கி மூடியே வச்சிருக்கீங்க.

அவள்: அது... பழக்கம்.

அவன்: உங்களுக்கு என்ன புகார்?

அவள்: எனக்கில்ல. பக்கத்து வீட்டு அக்காவுக்கு, விசாரிச்சுட்டு வரச் சொன்னாங்க. அதை விடுங்க. உங்களுக்கு?

அவன்: ரோட்டுல தடுப்பு போட்டு நிறுத்தினாங்க. ஹெல்மெட் இல்லன்னு ஒருத்தர் வண்டிச் சாவியைப் பிடுங்கிட்டாரு. ஆஸ்பத்திரிக்குப் போறோம், என் வீட்டுக்காரிக்கு மூச்சுத் திணறுதுன்னு சொன்னேன். பக்கம்தானே, நடந்து போன்னுட்டாரு.

அவள்: அவரு... ஆள் எப்படி இருந்தாரு?

அவன்: மழைக்கோட்டு போட்டிருந்தாரு. முகம் சரியாத் தெரியல.

அவள்: அப்புறம்?

அவன்: அன்னைக்கு அங்க எந்த வண்டியையும் நிறுத்தலன்னு ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டாங்க. இன்னைக்கு நான் ஆதாரம் காட்டலன்னா புகாரை மூடிடுவாங்க.

அவள்: வண்டி?

அவன்: தள்ளிட்டு வந்து வீட்ல நிறுத்தினேன். நிக்குது.

அவள்: இன்னொரு சாவி இருக்குமே?

அவன்: அவ கைப்பையில. அந்தப் பையை இன்னும் திறக்கல.

அவள்: நல்ல ஆளு! அவங்களையே எடுத்துத் தரச் சொல்றதுக்கென்ன?

அவன்: என்னைக் கூப்பிட்டாங்களா?

அவள்: இல்ல, உக்காருங்க. எத்தனை தடவை எந்திரிப்பீங்க! ...அவரு பிடுங்கின சாவி, பாத்தா அடையாளம் தெரியுமா?

அவன்: தலைப்பக்கம் பச்சை நூல் சுத்தியிருக்கும். எல்லாச் சாவியும் ஒண்ணுபோல இருக்குன்னு அவதான் சுத்தினா. முடிச்சு போடத் தெரியாது அவளுக்கு. பிரிஞ்சு பிரிஞ்சு வரும்.

அவள்: புகார் உண்மைன்னு ஆயிட்டா... அந்த ஆளுக்கு வேலை போயிடுமா?

அவன்: தெரியாது. விசாரிப்பாங்க.

அவள்: அவருக்கும் பொண்டாட்டி பிள்ளைங்கன்னு இருக்கும்ல? சாவிதானேண்ணா. திரும்பக் கிடைச்சுட்டா விட்டுடலாமே...

அவன்: அவருக்கு இருக்கும். எனக்கும் இருந்... விடுங்க.

அவள்: என்ன சொல்ல வந்தீங்க?

அவன்: வேலை போகணும்னு நான் கேக்கல. நிறுத்தினேன்னு ஒத்துக்கிட்டாப் போதும்.

அவள்: அவ்வளவுதானா?

அவன்: வேற என்ன கேக்கிறதுன்னு தெரியல.

கிளார்க்: வண்டிச் சாவியைப் பறித்ததால் ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே மனைவி மரணம்... இந்த மனு யாரோடது? சீக்கிரம் வாங்க!

அவன்: என்னோடது.

அவள்: அண்ணா... இறந்துட்டாங்களா? எங்கிட்ட ஏன்...

அவன்: சொல்லிச் சொல்லிப் பழகல இன்னும்.

கிளார்க்: அங்க என்ன பேச்சு? ஆதாரம் இருக்கா சார், இல்லையா? இல்லன்னா கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்க, மூடிடலாம்.

அவன்: இல்ல சார்.

அவள்: கையெழுத்துப் போடாதீங்க! இருக்கு. இந்தாங்க.

அவன்: இது... இந்த நூல்...

கிளார்க்: நீங்க யாரும்மா? இவர் சாவி உங்க கைக்கு எப்படி வந்துச்சு?

அவள்: என் வீட்டுக்காரர் யூனிஃபார்ம் பையில இருந்துச்சு சார். இதைக் குடுத்து, புகாரை வாபஸ் வாங்கச் சொல்லி இவர்கிட்ட கெஞ்சத்தான் வந்தேன். வெறும் சாவி விஷயம்தான்னு என் வீட்டுக்காரர் சொன்னாரு, உசுரு போன விஷயம்னு சொல்லல... எழுதிக்குங்க சார். சட்டையைத் துவைக்கப் போடுறப்ப நான்தான் எடுத்தேன்.