ஆத்துநாய்க்கு ஒரு அடி

கலீல்: அதெல்லாம் முடியாது மருதை. இன்னிக்கு என் கண்ணால பார்த்துட்டுத்தான் போவேன்.

மருதை: என்னத்தைப் பார்க்கப் போறீங்க பாய்? ரத்தம் கண்டா உங்களுக்குத் தலை சுத்தும்.

கலீல்: ரத்தமே வராதுன்னுதானே பேச்சு? மருதைக்கு ஒரே அடி, தோல்ல ஒரு சொட்டு இருக்காதுன்னு…

மருதை: இருக்காதுதான். ஆனா…

கலீல்: என்ன ஆனா? இந்தா கூண்டு. உள்ள ஆத்துநாய், எங்க பக்கம் நீர்நாய்ம்போம். இந்தா நீ. கம்பு எங்க?

மருதை: இருங்க, வெயில் ஏறட்டும். ரோமம் காயணும்.

வேலம்மாள்: காயணுமா? உரிச்சப்புறம் காயப்போடத்தானே போற? இப்ப ஈரமா இருந்தா என்னவாம்?

மருதை: ஏ புள்ள, நீ ஏன் இங்க வந்த? வீட்டுக்குப் போ.

வேலம்மாள்: வீடு எங்க ஓடியா போயிடும்? கஞ்சி கொண்டாந்தேன். வாங்க பாய். வீட்ல எல்லாரும் சௌக்கியமா?

கலீல்: அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்காங்க தங்கச்சி. உன் புருஷனுக்குத்தான் என்னமோ ஆயிருச்சு. புதுப்பொண்ணு மாதிரி வெக்கப்படுறான்.

வேலம்மாள்: நீங்க வர்றீங்கன்னு பரிசல்காரர் சொன்னதுலேருந்தே அப்படித்தான். ராத்திரி வச்ச கூண்டுல, விடியக் கருக்கல்ல இது விழுந்துச்சு. இன்னும் அதைச் சுத்திச் சுத்தி வர்றாரு.

மருதை: கூண்டுக்கிட்ட வராத! அந்தா ரெங்கராஜ் வலையை உலர்த்திக்கிட்டு நிக்கிறான். பார்த்தான்னா…

கலீல்: ஆமா, கேக்கணும்னு இருந்தேன். கூண்டுல பொம்பளை கை பட்டா அப்புறம் ஒண்ணும் விழாதுங்கறாங்களே இந்தக் கரையில. நிஜமா?

வேலம்மாள்: விழுமோ விழாதோ… தொட்டவ புருஷனை, எல்லாரும் சேர்ந்து மீன் பிடிக்கிற வலைக்கூட்டுல சேர்க்க மாட்டாங்க. அது நிஜம். பிச்சைமுத்து பொண்டாட்டி கதவை ஒரு தடவை தூக்கிவிட்டாளாம். அவரை ஒதுக்கிட்டாங்க. இப்ப அரியமங்கலத்துல செங்கல் சூளையில கல்லு சுமக்கறாரு.

மருதை: கேட்டீங்கல்ல? போ புள்ள, தள்ளி உட்காரு.

கலீல்: அவ உட்காரட்டும். நீ கம்பை எடு.

மருதை: அப்படி என்ன பாய் அவசரம்?

கலீல்: அவசரந்தான். முக்கொம்புப் பக்கமிருந்து என் கடைக்கு வந்த தோலைப் பார்த்தியா நீ? ஒருத்தன் ஈட்டியால குத்துறான். தோல் பூரா ஓட்டை. ஒருத்தன் கழுத்தை அறுக்கறான். ரோமமெல்லாம் ரத்தம் உறைஞ்சு, கழுவினாலும் போகல. இன்னொருத்தன் கூண்டோட தண்ணியில முக்குறானாம்…

வேலம்மாள்: பாவி! ஆத்துநாய் என்ன எலியா, முக்கின உடனே சாக? மூச்சை அடக்கிக்கிட்டு உள்ள கிடந்து தவிக்குமே! கட்டையைக் கடிச்சு, பல்லெல்லாம் பேந்து…

கலீல்: உனக்கு எப்படிம்மா தெரியும்?

வேலம்மாள்: …இவருதான் சொல்வாரு.

மருதை: ஆமா. சொல்லுவேன்.

கலீல்: அதான்! இதைத்தான் அவனுங்களுக்கு நீ வந்து சொல்லணும். உன்னை முக்கொம்புக்குக் கூட்டிட்டுப் போறேன். நாலு பேர் நடுவுல அடிச்சுக் காட்டணும்.

மருதை: நாலு பேர் நடுவுலயா?

வேலம்மாள்: கஞ்சி ஆறுது. முதல்ல குடி.

கலீல்: அதுக்கு முன்னால நான் பார்க்கணும்ல? சரி, முதல்ல வாயால சொல்லு. எங்க அடிக்கணும்?

மருதை: மண்டையில.

வேலம்மாள்: ம்க்கும்.

மருதை: மண்டைன்னா… மண்டைக்குப் பின்னால.

வேலம்மாள்: ரெண்டு காதுக்கும் நடுவுல, ஒரு விரக்கடை கீழ. பிடரி ஆரம்பிக்கிற எடம். அப்படின்னு இவரு சொல்வாரு.

கலீல்: நீ சொல்றதெல்லாம் அவ சொல்றாளேப்பா. உன் வாயில என்ன கொழுக்கட்டையா?

மருதை: முதுகுல பட்டா உள்ள ரத்தம் கட்டிக்கும். உரிச்சுப் பார்த்தா கருப்பா நிக்கும். அது எனக்குத் தெரியும்!

கலீல்: அது எனக்கும் தெரியும். தெரியாததைக் காட்டுன்னுதான் கேக்கறேன். ஆமா… கடுவனா, பெட்டையா?

மருதை: கடுவன். பால் குடுக்கற பெட்டையா இருந்தா அப்பவே கதவைத் தூக்கி விட்டிருப்போம்.

கலீல்: நல்ல பெருசு. என்ன எடை வரும்?

மருதை: ஆறு வீசை வரும்.

கலீல்: வீசையா? இப்பல்லாம் கிலோன்னு சொல்லணும். சர்க்கார் உத்தரவு.

மருதை: அதை ஆத்துநாய்கிட்ட சொல்லுங்க.

வேலம்மாள்: ரெண்டு பேரும் பேச்சை வளர்த்துக்கிட்டே நில்லுங்க! அது கத்துறது காதுல விழல? உங்க மூஞ்சியைப் பார்க்கப் பார்க்க அதுக்குப் பயம் ஏறுது. சாக்கை நனைச்சு மேல போடுய்யா. இருட்டானா அடங்கும்.

மருதை: போட்டுட்டேன்.

வேலம்மாள்: தலைப்பக்கம் கொஞ்சம் ஒதுக்கு. வெளிச்சம் வர்ற சந்துலதான் தலையை வெளிய நீட்டும்.

கலீல்: இதையும் இவருதான் சொன்னாரா?

வேலம்மாள்: …ஆமாங்க.

கலீல்: ம். மருதை, கம்பைத் தூக்கு.

மருதை: தூக்கிட்டேன் பாய்.

கலீல்: கண்ணை ஏன் மூடுற?

மருதை: வெயில்.

கலீல்: வெயில் உனக்கு முதுகுல அடிக்குது.

மருதை: கண்ணு கூசுது… இருங்க… கருப்பா, ஐயா, நீதான்…

வேலம்மாள்: நிறுத்துய்யா!

மருதை: ஏய்…

வேலம்மாள்: குடு கம்பை.

மருதை: வேலம்மா! பாய் நிக்கிறாரு…

வேலம்மாள்: நிக்கட்டும். கண்ணை மூடிக்கிட்டு முதல் முதல்ல எங்க போட்ட? இடுப்புல! அது போட்ட சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகல. இன்னொரு உசுரை அப்படிக் கிடந்து துடிக்க விடமாட்டேன். குடுன்னா குடு!

மருதை: ரெங்கராஜ் பார்த்தான்னா வலைக்கூட்டுல…

வேலம்மாள்: போனா போகட்டும். சூளையில உன் கூட நானும் கல்லு சுமக்கறேன்.

கலீல்: ரெங்கராஜ் பார்க்க மாட்டான்.

மருதை: என்ன பாய்?

கலீல்: குடையை விரிச்சு அந்தப் பக்கம் பிடிச்சிருக்கேன். நீ செய் தங்கச்சி.

வேலம்மாள்: நீங்களும் திரும்பிக்கங்க. நிழல் ஆடக்கூடாது. பேசக்கூடாது.

மருதை: நான் அப்பவே திரும்பிட்டேன்.

வேலம்மாள்: வாடா ராசா… ஒண்ணுமில்ல… இந்தா, இந்தப் பக்கம்… மூக்கைக் காட்டு… அப்படித்தான்… ம்.

கலீல்: என்ன, ஆரம்பிக்கப் போறியா?

வேலம்மாள்: முடிஞ்சுது.

கலீல்: ஒரு சத்தமும் கேக்கலையே!

வேலம்மாள்: தேங்காயா உடைச்சேன், சத்தம் கேக்க? இருங்க, திரும்பாதீங்க. ஒரு புல்லைக் கண்ணுல தொட்டுப் பார்க்கணும். இமை ஆடினா உடனே இன்னொண்ணு போடணும்… ஆடல. போயிருச்சு. இப்பத் திரும்புங்க.

கலீல்: யா அல்லாஹ்… தூங்கற மாதிரில்ல கிடக்கு!

வேலம்மாள்: அதுக்கு என்ன நடந்துச்சுன்னே தெரிஞ்சிருக்காது. அவ்வளவுதான் நம்மளால முடியும்.

கலீல்: மருதை… இத்தனை நாள் எனக்கு வந்த தோலெல்லாம்?

மருதை: எல்லாம் இவதான். கூண்டு வைக்கிறது நான். மீன் கட்டுறது நான். உரிக்கிறதும் நான்தான் பாய், சத்தியமா. இந்த ஒண்ணு மட்டும்… கம்பைத் தூக்கினா அது என்னையே பார்க்குது.

வேலம்மாள்: கோழி அடிக்கிறதுக்கே பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிடுவாரு.

மருதை: அதை வேற சொல்லு!

வேலம்மாள்: இனிமே என்ன மறைக்கிறது? எல்லாந்தான் தெரிஞ்சு போச்சே.

மருதை: ஒண்ணு சொல்லட்டுமா பாய்? காந்தி மார்க்கெட்டுல வெங்காய மூட்டை தூக்கியிருக்கேன். லாரியிலேருந்து வாங்கி, குடோன் வரைக்கும் சுமந்து, கீழ போட்டவுடனே முதுகெல்லாம் லேசாகுமே… இப்ப அப்படி இருக்கு.

வேலம்மாள்: இருக்கும் இருக்கும். நாளைக்குச் சூளையில கல்லைத் தலையில ஏத்துறப்ப தெரியும்.

கலீல்: யாரு கல்லு சுமக்கப் போறது?

வேலம்மாள்: நாங்கதான். நீங்க கரையில போய் நின்னு ஒரு வார்த்தை சொன்னா…

கலீல்: நான் என்னத்தைச் சொல்ல? நான் எதைப் பார்த்தேன்? குடையைப் பிடிச்சுக்கிட்டு ஆத்தைப் பார்த்துல்ல நின்னேன்!

மருதை: பாய்…

கலீல்: கையை விடுப்பா, குடை சாயுது.

மருதை: அப்ப… முக்கொம்பு? அங்க நாலு பேர் நடுவுல நான் என்ன பண்றது?

கலீல்: நீ முக்கொம்புக்கெல்லாம் வர வேணாம். அங்க தோல் கெட்டது நிஜம். உன்னைக் கூட்டிட்டுப் போறேன்னது சும்மா.

மருதை: சும்மாவா! பின்ன எதுக்கு என்னைக் காலைலேருந்து இந்தப் பாடு படுத்தினீங்க? எனக்குக் கஞ்சி கூட இறங்கல!

வேலம்மாள்: இப்பக் குடி. பாய், என்னத்துக்கு நீங்களா சிரிச்சுக்கறீங்க?

கலீல்: சிரிக்காம என்னம்மா செய்றது? தோலைத் தொட்டாலே தரம் சொல்ற ஆளுன்னு பாலக்கரை பூரா என்னை நம்பிக்கிட்டிருக்கு. தோல்ல மயிர் எந்தப் பக்கம் இருக்குங்கறதைத் தாண்டி எனக்கு ஒரு எழவும் தெரியாது! வாங்கினதை எல்லாம் வூட்டுக்குக் கொண்டு போய் என் பொண்டாட்டி நஜ்முன்னிசாகிட்ட குடுப்பேன். அவ உள்பக்கம் விரலால தடவிப் பார்த்துச் சொல்றதைத்தான் நான் கடையில உட்கார்ந்து சொல்றது. அவதான் உங்க தோல் ஒண்ணை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துட்டு, “இந்த அடி ஆம்பளை அடி இல்லைங்க, உலக்கை பிடிச்சுப் பழகின கை… நம்பலைன்னா ஏதாவது சாக்குச் சொல்லிக்கிட்டுப் போய்ப் பாருங்க”ன்னு என்னை இங்க அனுப்பி வச்சா.