ஒரு சாண் புது ஒயர்

— ஊட்டுக்கு வயசு கேட்டா சொல்லலாம் அம்மிணி. தண்ணித் தொட்டிக்குமா வயசு எழுதுவாங்க?

— எழுதோணுமுங்க அய்யா. தொட்டி, மோட்டாரு, ஹீட்டரு, ஒயரிங், எல்லாத்துக்கும் வயசு வேணும். வாங்கறவரு சிவக்குமாரு கேட்டுத்தானுங்க இஞ்சினியரா நான் வந்திருக்கறேன். பத்திரம் அருணகிரிங்கற பேருல. அது நீங்கதானுங்களே?

— நாந்தான். வாங்கறவன் திருப்பூர்ல உக்காந்துக்கிட்டு ஆட்டையாம்பட்டிக்கு ஆளனுப்பறான். பொண்டாட்டியவும் இப்படித்தான் ஆளு வுட்டுப் பாத்தானா?

— மோட்டாரு எப்பப் போட்டதுங்க?

— பையன் காலேஜு சேந்த வருசம்.

— எந்த வருசமுங்க?

— இரு... பதிமூணு வருசம் ஆச்சு. தொட்டி, மூத்த மக வயித்துப் பேத்தி நித்யஸ்ரீக்குக் காது குத்துன வருசம். ஒம்பது போட்டுக்க. பழசுன்னு மூஞ்சியச் சுளிக்காத. உங்க புதுசெல்லாம் ரெண்டு வருசத்துல பல்லிளிக்குது.

— ஹீட்டரு?

— மூணு வருசம்.

— அது மட்டும் ஏனுங்க புதுசு?

— மாத்தோணும்னு தோணுச்சு, மாத்துனேன். அடுத்ததக் கேளு.

— ஒயரிங்குங்க.

— அதுவும் மூணுதான்.

— நாலு சுவிச்சுப் பெட்டியக் கழட்டிப் பாத்தேனுங்க. எல்லாம் புதுக் காப்பரு ஒயரு. எர்த்துக்குப் பச்ச ஒயரும் இருக்குது. கரண்டு நிறுத்தற நாளாப் பாத்து வந்துட்டேன், மீட்டரு வெச்சுப் பாக்க முடியல. ஆனா வேலை சுத்தமுங்க. ஒயர்மேன் பேரென்னங்க? அதுக்கொரு கட்டம் இருக்குது.

— அவன் தொழிலையே வுட்டுட்டான். பேரு எதுக்கு?

— சரிங்க, வெறுங்கட்டமா வுட்டுடறேன். ‘ஒயரிங் மூணு வருசம், மாத்த வேண்டியதில்லை’ன்னு எழுதிட்டேன். வெலையக் கொறைக்க மாட்டாங்க, உங்களுக்கும் நல்லதுதானுங்க. சிவக்குமாரு சம்சாரம் ஜோதி, பாத்ரூம மட்டும் நல்லாப் பாத்துட்டு வரச் சொன்னாங்க. ஆறு மாசக் கொழந்தையாம். எந்நேரமும் சுடுதண்ணி வேணுமாம்.

— கொழந்தைய யாரு குளிப்பாட்டுவா?

— அவங்கதானுங்க. வேற ஆளில்லைங்க.

— கொழந்தைய மடியில வெச்சுக்கிட்டு, ஒரு கையில கொழாயத் தொறப்பா.

— அப்படித்தானுங்க. ஏனுங்க?

— எழுதுனத அடிச்சிரு அம்மிணி.

— எதைங்க?

— ஒயரிங்கு. நீ பெட்டியக் கழட்டுன, ஒயர இழுத்துப் பாத்தியா? பெட்டிக்கு ஒரு சாண்தான் புதுசு. அதுக்கு உள்ள முப்பத்திரண்டு வருசத்து அலுமினிய ஒயரு. முறுக்கி, டேப்பு சுத்தி, பைப்புக்குள்ள தள்ளியிருக்குது.

— எர்த்து?

— பச்ச ஒயரும் ஒரு சாண்தான். அது எங்கயும் போகல.

— ஊட்ட விக்கறதுக்காகச் செஞ்சதுங்களா?

— ஆமா. போன மாசம். இன்னிக்குக் கரண்டு இருக்காதுன்னு தெரிஞ்சுதான் உன்னைய இன்னிக்கு வரச்சொன்னேன்.

— அந்த ஹீட்டரும் பொய்தானுங்களா?

— அது நெசம். பழனியம்மாளுக்குக் காரியம் முடிச்ச மறுநாளு மாத்துனது.

— அவங்க யாருங்க?

— எம் பொண்டாட்டி. கொழாயத் தொட்டா சுருக்குங்குதுன்னு ஆறு மாசமாச் சொன்னா. ரப்பர் செருப்பப் போட்டுக்கிட்டுக் குளிடின்னேன். அப்படித்தான் குளிச்சுக்கிட்டு இருந்தா. ஒரு வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போகத் தலைக்குத் தண்ணி ஊத்தறப்ப செருப்பு எதுக்குன்னு கழட்டி வெச்சுட்டா. வாசப்படிக்கு வெளிய, ஜோடியா.

— இந்த ஊட்டுக்கு எர்த்தே போடலீங்களா?

— குழி வெட்டோணும், கரியும் உப்பும் கொட்டோணும். அரை நாள் வேலை. ஊருல பாதி ஊட்டுக்கு அந்த ஒயர்மேன்தான் வெட்டுனான். இந்த ஊட்டுக்கு மட்டும் அப்புறம் பாத்துக்கலாம்னான். முப்பது வருசமா அப்புறம், அப்புறம்னே சொன்னான்.

— அவனச் சும்மாவா வுட்டீங்க? ஜெயிலுக்கு அனுப்பியிருக்கோணுமுங்க. மனுசனா அவன்?

— இல்ல. அந்த வெறுங்கட்டத்துல அவன் பேர எழுது.

— சொல்லுங்க.

— பத்திரத்துல இருக்கற அதே பேருதான் சாமி.