பின்வாசல் வழி வந்த ரம்பங்கள்

நிற்கிற மரத்தைக் கண்ணாலேயே அளந்து கன அடி சொல்லும் சங்கத் தலைவர் திம்மராயன் அண்ணன் அவர்களே! தேக்கென்று சொல்லி எனக்கு வேங்கை விற்ற குலாம் ரசூல் பாய் அவர்களே! போச்சம்பள்ளி வட்டார மர அறுவை மில் பெருமக்களே! எங்கள் சட்டை மரத்தூளை உதறி உதறியே சலித்துப்போன தாய்மார்களே! வணங்குகிறேன்.

ரம்ப இயந்திரத்தின் வரலாறு பேச எனக்குப் பத்து நிமிடம். அது முடிந்ததும், ரம்பப் பட்டை ஒட்டும் தங்கை சரிதாவைச் சங்கத்தில் சேர்க்கலாமா என்று கை தூக்கப் போகிறீர்கள். உறுப்பினர் அல்லாதவரிடம் அறுந்த பட்டையை ஒட்டக் கொடுப்பதில்லை என்பது நம் கட்டுப்பாடு. கைகள் எழாவிட்டால், அவர் புதிதாகத் திறந்த பட்டறைக்குப் பூட்டுதான்.

"வரலாற்றுக்கு வாய்யா!" என்கிறார் தலைவர். வந்துவிட்டேன், அண்ணா!

ஆயிரத்து எண்ணூற்று எட்டு. இங்கிலாந்து. இரண்டு சக்கரம், அவற்றைச் சுற்றி ஓடும், பல் வைத்த ஒற்றை இரும்புப் பட்டை. நம் மில்லில் ஓடும் அதே பேண்ட் சா! காப்புரிமை வாங்கியாயிற்று. நிலைத்து ஓடியதா? ஓடவில்லை! சக்கரம் கோணலா? இல்லை! யோசனை கோணலா? இல்லை! பட்டையின் இரு முனைகளைச் சேர்த்த இடம் படீர் படீரென்று விட்டுப்போனது. முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, முனைகளை ஒட்டும் வழிக்குக் காப்புரிமை பெற்றவர் யார்? பிரெஞ்சுப் பெண்மணி ஒருவர்! கை தட்டுங்கள் தாய்மார்களே, இந்தப் பக்கம் மீசைகள் யோசிக்கின்றன.

போன மாதம் என் மில்லில் பட்டை அறுந்தது. ஒட்ட வந்த சரிதாவை, "பொம்பள ஒட்டறது தாங்காதும்மா" என்று அனுப்பிவிட்டு, நானே ஒட்டினேன். அபாரமான ஒட்டு! ஒரு பாதியில் பல் இந்த ஓரம், மறுபாதியில் பல் அந்த ஓரம்!

என் மனைவி அருணா, "ரெண்டு பக்கமும் அறுக்குமாட்டம் இருக்குது" என்று சொல்லி, சரிதாவுக்குப் போன் போட்டாள். வந்தவர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு வலித்தது.

"ஒட்டு நல்லாத்தான் புடிச்சிருக்குதுங்கண்ணா. ஒரு மொனையத்தான் பொரட்டிப் போட்டுட்டீங்க."

வெட்டினார், தேய்த்தார், ஒட்டினார். இன்றுவரை அந்த ஒட்டு அசையவில்லை.

"அதுக்கு மெம்பர் ஆக்கோணுமா?" என்கிறார் முன்வரிசையில் இருக்கும் மில்காரர் வெங்கடப்பன். அண்ணா, போன வாரம் குந்தாரப்பள்ளி சந்தைக்கென்று கிளம்பி, சாக்கில் சுருட்டிய பட்டையை சரிதா வீட்டுப் பின்வாசலில் கொடுத்தது யார்? தலைவரே, சிரிக்காதீர்கள், உங்கள் சாக்கும் அங்கே இருந்தது! சாக்கின் மேல் எழுதிய மில் பெயர் என் கண்ணுக்குத் தப்புமா?

இரும்புக்குத் தெரியாத பேதம் நமக்கு எதற்கு? பின்வாசலில் நம்பியவரை முன்வாசலில் மறுப்பதா? மேடையில் வீரம், மறைவில் விண்ணப்பமா? தூக்குங்கள் கைகளை! முதலில் என் கை. அதோ, பாய் கை... வெங்கடப்பண்ணா, இரண்டு கை வேண்டாம், ஒன்று போதும்! தலைவர் கையும் எழுகிறதே!

பொறுமையாய்க் கேட்ட உங்கள் எல்லாருக்கும் நன்றி. சங்க உறுப்பினர் சரிதா அவர்களே, உங்களுக்கு என் வணக்கம்.